கெடு முடிந்த கடனைத் திருப்பித் தர வேண்டுமா?

மறைந்த நண்பரிடம் வாங்கிய கைமாற்றுக்கு வழக்குத் தொடுக்கும் கெடு முடிந்துவிட்டதாக வழக்கறிஞர் சொல்கிறார், நண்பரின் மனைவிக்கோ அப்படியொரு கடன் இருப்பதே தெரியாது, இனியும் கொடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வழக்கறிஞர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் உங்களை உறுத்துவது அவர் பதில் சொன்ன கேள்வி அல்ல.

காலவரம்புச் சட்டம் எந்தக் கடனையும் நியாயமற்றது என்று தீர்ப்பளிப்பதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லச் சாட்சிகளின் நினைவு மங்கும், பத்திரங்கள் தொலையும், பொய் வழக்கை மறுக்க வழியில்லாமல் போகும் என்பதால்தான் நீதிமன்றம் ஒரு கட்டத்தில் கதவைச் சாத்திக்கொள்கிறது. உங்கள் விஷயத்தில் அந்தக் காரணம் எதுவும் பொருந்தாது. வாங்கியது உங்களுக்கே நன்றாக நினைவிருக்கிறது. கெடு முடிந்தாலும் கடன் சாவதில்லை என்பதைச் சட்டங்களே ஒப்புக்கொள்கின்றன. ஜெர்மானியக் குடிமைச் சட்டத்தின் 214-ஆம் பிரிவின்படி, கெடு கடந்தது தெரியாமல் செலுத்திய பணத்தைக்கூடத் திரும்பக் கேட்க முடியாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவோ, அத்தகைய கடனைத் தருவதாகக் கையொப்பமிட்டு எழுதிக்கொடுத்தால், அதைச் செல்லுபடியாகும் ஒப்பந்தமாகவே ஏற்கிறது. இல்லாத கடனுக்கு இந்த ஏற்பாடுகள் எதற்கு?

ஆகவே கொடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. அந்த அம்மையாருக்குத் தெரியாது என்பதால் தொகை ஒரு காசும் குறைவதில்லை. கேட்கத் தெரியாதவரிடம் பேசாமல் இருந்துவிடுவது, கேட்பவரிடம் மறுப்பதைவிட மோசமானது என்றே நினைக்கிறேன். தவணையாகத்தான் தர முடியும் என்றால், எதையும் எழுதிக்கொடுக்குமுன் வழக்கறிஞரிடம் காட்டுங்கள், ஏனெனில் சில நாடுகளில் அந்த எழுத்தே புதிய சட்டக் கடமையாகிவிடும். வேறு வாரிசுகள் இருந்தால், பணத்தை யாரிடம் தந்து ரசீது பெறுவது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.