ரீகால் நிறைய வந்த பழைய ஜீப் ராங்லரை நம்பி வாங்கலாமா?

கேட்டவர் அமெரிக்காவில் இருக்கிறார். 2012 முதல் 2016 வரையிலான ஜீப் ராங்லர் ஒன்றைப் பழையதாக வாங்கப் பார்க்கிறார். இணையத்தில் அந்த வண்டியின் ரீகால் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தயங்குகிறார்.

வாங்கலாம். ஆனால் எத்தனை ரீகால் வந்தது என்று எண்ணிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ரீகால் என்பது கண்டுபிடித்து, எழுதி வைத்து, சரிசெய்து தரக் கம்பெனி வண்டியைத் திரும்ப அழைக்கும் குறை. அதைச் சரிசெய்ய உங்களுக்குச் செலவில்லை. பணத்தைக் கரைப்பதும், சில நேரம் உயிரோடு விளையாடுவதும், அந்தப் பட்டியலில் வராத விஷயங்கள்தான். நான் மிச்சிகனில் இருக்கிறேன். 2013 மாடல், நாலு கதவு ராங்லரை ஆறு வருடமாக ஓட்டுகிறேன். அதை வாங்குவதற்கு முன் ஏழு வண்டிகளுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். அப்புறம் நண்பர்களுக்காகவும் பலமுறை படுத்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

நீங்கள் பார்ப்பது ஜேகே என்று அழைக்கப்படும் தலைமுறை. 2007 மாடலில் தொடங்கி 2018 வரை வந்தது. இதற்கு வந்த ரீகால்களில் ஒன்றை மட்டும் எந்தச் சமரசமும் இல்லாமல் பார்க்க வேண்டும்: டகாட்டா என்ற கம்பெனி செய்த ஏர்பேக். ராங்லரில் 2007 முதல் 2016 வரையிலான மாடல்களில், முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருபவருக்கான ஏர்பேக் இந்த ரீகாலில் வருகிறது. ஏர்பேக்கை ஊத வைக்க உள்ளே அம்மோனியம் நைட்ரேட் வைத்திருந்தார்கள். வருடக்கணக்கில் வெயிலும் ஈரப்பதமும் மாறி மாறிப் பட்டால் அந்த மருந்து தன் தன்மையை இழக்கிறது. விபத்து நேரத்தில் அளவாக எரிவதற்குப் பதிலாக வெடித்து, தான் இருக்கும் உலோகக் கூட்டையே சிதறடிக்கிறது. அந்த இரும்புத் துண்டுகள் துணியைக் கிழித்துக்கொண்டு முகத்திலும் கழுத்திலும் பாயும். எல்லாக் கம்பெனி வண்டிகளையும் சேர்த்து, அமெரிக்காவில் மட்டும் இருபது பேருக்கு மேல் இப்படி இறந்திருக்கிறார்கள். ஏறத்தாழ 6.7 கோடி ஏர்பேக்குகள் திரும்ப அழைக்கப்பட்டன. டகாட்டா கம்பெனி 2017-இல் திவாலானது. ஃப்ளோரிடா, டெக்சாஸ் போன்ற புழுக்கமான ஊர்களில் ஓடிய வண்டி என்றால் ஆபத்து இன்னும் கூடுதல். இந்த வேலை முடியாத வண்டி பிடித்துப்போய் வாங்கிவிட்டீர்கள் என்றால், அது முடியும் வரை முன் இருக்கையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். மனைவி பின்னால் உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்றெல்லாம் யோசிக்க வேண்டாம்.

அடுத்தது கிளாக் ஸ்பிரிங். ஸ்டீயரிங்குக்குள் சுருள் நாடா மாதிரி இருக்கும் இந்தப் பாகம்தான் டிரைவர் ஏர்பேக்குக்கு மின் இணைப்பைக் கொண்டுபோகிறது. கதவையும் கூரையையும் கழற்றிவிட்டு மண்ணில் ஓட்டுவதற்காகவே செய்த வண்டியில், தூசி புகுந்து அந்த நாடா அறுந்துபோகிறது. விபத்து நடந்தால் ஏர்பேக் விரியாமல் போகலாம். 2016-இல் இதற்காக 2007 முதல் 2010 வரையிலான ராங்லர்கள் அமெரிக்காவில் சுமார் 3,92,000 திரும்ப அழைக்கப்பட்டன. வழக்கமான இடதுபக்க ஸ்டீயரிங் வண்டி என்றால் உங்கள் வருடங்கள் அதில் வராது. ஆனால் எந்த வருட வண்டியானாலும் சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள். பல்பைப் பிடுங்கி வைத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் வருடங்களில் வருபவற்றில் இரண்டைச் சொல்கிறேன். 2012, 2013 ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் குழாய், கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாயின் மேல் உரசி ஓட்டை போடலாம் என்று 2013-இல் ரீகால் வந்தது. 2016, 2017 மாடல்களில், முன்பக்கம் மோதினால் அதை உணரும் சென்சாரின் வயர் பிரிந்துவிடலாம் என்று 2016-இல் சுமார் 1,82,000 வண்டிகளை அழைத்தார்கள். இரண்டுமே டீலர் சரிசெய்து தருகிற வேலைதான்.

இதையெல்லாம் எப்படிப் பார்ப்பது? விண்ட்ஷீல்டின் அடியில் டிரைவர் பக்கம் வண்டியின் அடையாள எண்ணான 17 இலக்க வின் எண் இருக்கும். டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் இருக்கும். இரண்டும் ஒன்றா என்று முதலில் ஒப்பிடுங்கள். அப்புறம் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான என்எச்டிஎஸ்ஏ-வின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால், இன்னும் செய்யப்படாத ரீகால்களைக் காட்டும். கட்டணம் இல்லை. ஏற்கெனவே செய்து முடித்தவற்றைக் காட்டாது என்பதை நினைவில் வையுங்கள். "ஒன்றும் இல்லை" என்று வந்தால், எல்லாம் முடிந்துவிட்டது என்றும் பொருள். எதுவுமே வரவில்லை என்றும் பொருள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ரீகால் வேலையை இலவசமாகச் செய்தாக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம், வண்டி முதலில் விற்கப்பட்டு 15 வருடத்துக்குள் அறிவித்த ரீகால்களுக்குத்தான். இனிமேல் புதிதாக வரும் ரீகால்களைப் பொறுத்தவரை 2012 வண்டிக்கு அந்தக் கெடு நெருங்கிவிட்டது. ஏற்கெனவே அறிவித்தவற்றுக்கு அந்தக் கெடு இல்லை, ஆனாலும் பாக்கி இருப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் எத்தனையாவது உரிமையாளர் என்பதை யாரும் கேட்க மாட்டார்கள். வின் எண் போதும்.

வாடகை கார் கம்பெனிகள் ரீகால் பாக்கியுள்ள வண்டியை வாடகைக்குவிடக் கூடாது என்று 2016-இலிருந்து சட்டம் இருக்கிறது. பழைய கார் விற்கும் கடைகளுக்கு அப்படி ஒரு மத்தியச் சட்டம் கிடையாது. கடைக்காரர் "நூற்றைம்பது இடங்களில் சோதித்த வண்டி" என்று காகிதம் நீட்டுவார். அதில் ரீகால் பற்றி ஒரு வரிகூட இருக்காது. நீங்களேதான் பார்க்க வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை ரீகால் பக்கம் சொல்கிற முக்கியமான சேதி ஒன்று உண்டு. பத்து வருடமாகக் கடிதம் வந்தும், காசில்லாமல் செய்துதரும் ஏர்பேக் வேலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்காத ஆள், காசு கொடுத்து ஆயில் மாற்றியிருப்பாரா? மூன்று ரீகால் பாக்கி என்றால் நான் வண்டியைவிட அதை வைத்திருந்தவரைத்தான் சந்தேகிப்பேன்.

இஞ்சினுக்கு வருவோம். 2012-இலிருந்து 3.6 லிட்டர் பென்டாஸ்டார் வி6, 285 குதிரைத்திறன். அதற்கு முன்பு இருந்தது மினிவேன்களிலிருந்து வந்த 3.8 லிட்டர், 202 குதிரைத்திறன், ஆயில் குடிக்கும் என்று பெயரெடுத்தது. எனவே 2012-க்குப் பிறகு என்று நீங்கள் தேர்ந்தெடுத்தது சரி. ஆனால் பென்டாஸ்டாரின் முதல் இரண்டு மூன்று வருடங்களில் இடதுபக்க சிலிண்டர் ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல்மூடி) வால்வு உட்காரும் இடமான வால்வு சீட் தேயும் பிரச்சினை இருந்தது. 2, 4, 6 சிலிண்டர்களில் மிஸ்ஃபயர் வரும், அதாவது பெட்ரோல் சரியாக எரியாது. இதற்கு ரீகால் வரவில்லை. உத்தரவாதத்தை 10 வருடம் அல்லது 1,50,000 மைல் என்று நீட்டினார்கள். 2012, 2013 வண்டிகளுக்கு அந்தக் காலமும் முடிந்துவிட்டது. எனவே ஹெட் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அது குறையல்ல, நல்ல செய்தி.

ஆயில் கசிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பென்டாஸ்டாரில் ஆயில் ஃபில்டர் இஞ்சினின் மேலே இருக்கிறது. இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில், ஃபில்டர் கூடும் ஆயில் கூலரும் ஒன்றாகச் சேர்ந்த பிளாஸ்டிக் பாகம் உட்கார்ந்திருக்கும். சூடு பட்டுப் பட்டு அது விரிசல்விடும். ஆயில் முதலில் அந்தப் பள்ளத்தில் தேங்கும், நிரம்பிய பிறகு இஞ்சினின் பின்பக்கமாக வழிந்து, கியர்பாக்ஸ் சேருமிடத்தில் சொட்டும். கீழே படுத்துப் பார்க்கிற மெக்கானிக் "பின் சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்பார். அதற்குமுன் ஒரு சின்ன டார்ச்சை எடுத்து, இஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், பின்பக்கத்திலிருந்து பள்ளத்துக்குள் அடித்துப் பாருங்கள். தேங்கிய ஆயில் கறுப்புக் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அப்படியானால் கசிவு மேலே. அலுமினியத்தில் செய்த மாற்றுப் பாகம் கடைகளில் கிடைக்கிறது, அதைப் போட்டுவிட்டால் நிம்மதி. குளிர்ந்த இஞ்சினை உங்கள் கண்ணெதிரே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். டிக் டிக் என்று தையல் மெஷின் மாதிரி சத்தம் வந்து, சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் வால்வைத் திறக்கும் ராக்கர் ஆர்ம் தேய்ந்திருக்கலாம். கேம்ஷாஃப்ட் வரை செலவு போகும். போய்ச் சேர்ந்தபோது பானெட் ஏற்கெனவே சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

இப்போது என்னைப் பயமுறுத்திய விஷயம். வண்டி வாங்கி இரண்டாவது வாரம், ஐ-75 நெடுஞ்சாலையில் டொலீடோ பக்கம் போய்க்கொண்டிருந்தோம். அறுபது மைல் வேகம் இருக்கும். ஒரு பாலத்தின் இணைப்பில் டயர் ஏறி இறங்கியது, அவ்வளவுதான். ஸ்டீயரிங் என் கையைப் பிடுங்கிக்கொண்டு இடமும் வலமுமாக உதற ஆரம்பித்தது. முன் சக்கரம் கழன்றுவிட்டது என்றே நினைத்தேன். மனைவி டேஷ்போர்டில் இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாயிலிருந்து "முருகா" மட்டும் வந்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கைப் பட்டென்று மிதிக்காமல் மெதுவாக ஓரம் கட்டினேன். இருபது மைலுக்குக் கீழே வந்ததும் ஒன்றுமே நடக்காதது மாதிரி நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் இதை டெத் வாபிள் என்கிறார்கள்.

ராங்லரின் முன்பக்கம் ஒரே துண்டாக இருக்கும் இரும்பு ஆக்ஸில். அது இடம் வலம் நகராமல் பிடித்து வைப்பது டிராக் பார் என்ற ஒரே ஒரு கம்பி. அதன் போல்ட்டோ புஷ்ஷோ பால் ஜாயின்ட்டோ சற்றுத் தளர்ந்தால், ஒரு சின்ன அதிர்வு நிற்காமல் பெருகும். என் வண்டியில் டிராக் பார் ஆக்ஸிலோடு சேரும் இடத்தில் போல்ட் தலையைச் சுற்றி இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தது. வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவமாகியிருந்தது. முந்தைய உரிமையாளர் தன் வீட்டு கராஜில் லிஃப்ட் கிட் போட்டு வண்டியை இரண்டரை அங்குலம் உயர்த்தியிருக்கிறார், அந்தப் போல்ட்டைச் சரியாக முடுக்கவில்லை. 125 பவுண்டு-அடி விசையில், வண்டி தரையில் தன் எடையில் நிற்கும்போது முடுக்க வேண்டிய போல்ட் அது. பிராக்கெட்டை வெல்ட் செய்து, புதுப் போல்ட் போட்டபிறகு இன்றுவரை அந்த உதறல் திரும்ப வரவில்லை.

இந்தக் குலுக்கலுக்காக ஜேகே தலைமுறைக்கு ரீகால் வரவில்லை. எனவே வின் எண்ணில் தெரியாது. நீங்கள் செய்யக்கூடியது இது: சக்கரங்கள் தரையில் இருக்க, இஞ்சின் ஓட, கூட வந்தவரை ஸ்டீயரிங்கைச் சிறிது சிறிதாக இடமும் வலமும் ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் குனிந்து ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள், தொட்டும் பாருங்கள். ஆட்டம் கையில் தெரியும். ஸ்டீயரிங்கின் அதிர்வைத் தணிக்கும் ஸ்டீயரிங் டேம்பர் மட்டும் புத்தம் புதிதாகப் பளபளத்தால் உஷார். குலுக்கலைச் சில மாதம் மறைக்க அதை மாற்றி விற்கும் வழக்கம் உண்டு. உயர்த்திய வண்டி, 35 அங்குல டயர் என்றால் ஒவ்வொரு பாகத்துக்கும் ரசீது கேளுங்கள். மாற்றம் எதுவும் செய்யாத வண்டி கிடைத்தால் ஆயிரம் டாலர் அதிகம் கொடுத்தாவது அதை எடுங்கள்.

கடைசியாகத் துரு. அரிசோனாவில் இருக்கிறீர்கள் என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடலாம். எங்கள் பக்கம் குளிர்காலத்தில் சாலையில் உப்பு கொட்டுவார்கள். ராங்லரின் சேஸிஸ் உள்ளே பொள்ளலான இரும்புப் பெட்டி. துளைகள் வழியாகச் சேறும் உப்பும் உள்ளே போய் உட்கார்ந்து, உள்ளிருந்து வெளியே அரிக்கும். ஒரு கடையில் 2014 வண்டி ஒன்றின் அடிப்பக்கம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்து மின்னியது. பின் ஆக்ஸிலைப் பிடித்து வைக்கும் கன்ட்ரோல் ஆர்ம் சேஸிஸோடு சேரும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் தட்டினேன். மற்ற இடத்தில் ணங் என்று வந்த சத்தம் அங்கே பொத் என்று வந்தது. நுனியை வைத்து அழுத்தினேன். அப்பளம் மாதிரி ஒரு துண்டு உடைந்து என் சட்டையில் விழுந்தது. விற்பனையாளர் ஒன்றும் பேசவில்லை. நானும் எழுந்து வந்துவிட்டேன். சேஸிஸ் போன வண்டியை என்ன விலைக்கும் எடுக்காதீர்கள்.

புதிய தலைமுறையின் 4எக்ஸ்ஈ ஹைப்ரிட் மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால், அதையும் வின் எண் போட்டுப் பாருங்கள். பேட்டரி தீப்பிடிக்கும் அபாயத்துக்காக 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 1,54,000 ஜீப்களைத் திரும்ப அழைத்து, வீட்டை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள், சார்ஜ் போடாதீர்கள் என்று சொன்னார்கள்.

பார்த்து வைத்திருக்கும் வண்டியின் வருடம், மைல் கணக்கு, எந்த மாநிலத்தில் ஓடியது என்பதைக் கருத்தில் எழுதுங்கள். சேஸிஸையும் டிராக் பாரையும் படமெடுத்துப் போட முடிந்தால் இன்னும் நல்லது, பார்த்துச் சொல்கிறேன்.