பள்ளிக்கு வந்த மாடு: கேள்வி பதில்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளிச் சமையலறையை மேற்பார்வை பார்க்கிறேன். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் நன்கொடையாகத் தரும் மாட்டைப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறோம். அதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னது நான்தான். அனுபவிக்கிறேன்.

கே: சும்மாதானே கொடுக்கிறோம், விற்கவில்லையே. பண்ணையிலேயே வெட்டிக் கொடுத்தால் என்ன?

ப: கூடாது. தனக்காக வெட்டிக்கொள்ளும் மாட்டுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் அந்த இறைச்சி உரிமையாளர், அவர் வீட்டார், காசு கொடுக்காத விருந்தாளி, அவரிடம் வேலை செய்பவர் ஆகியோருக்கு மட்டும்தான். 400 பிள்ளைகளை விருந்தாளி என்று சொல்ல முடியாது. அந்தப் பொட்டலத்தில் ‘விற்பனைக்கல்ல’ என்று குத்தியிருக்கும். மத்திய அரசு அல்லது மாநில ஆய்வாளர் நிற்கும் கூடத்தில் வெட்டி, முத்திரை விழுந்தால்தான் எங்கள் கதவு திறக்கும். முத்திரை, முத்திரை, முத்திரை.

கே: செலவு யாருடையது?

ப: மாடு இலவசம், வெட்டுக்கூலி இலவசமில்லை. பள்ளியின் உணவுக் கணக்கிலிருந்து கொடுக்கலாம், ஊரார் திரட்டியும் கொடுக்கலாம். மாட்டை ஏற்றிய பிறகு இதைப் பேசாதீர்கள்.

கே: ஒரு மாடு எத்தனை நாளைக்கு வரும்?

ப: இதற்காகத்தான் காத்திருந்தேன். 1,300 பவுண்டு காயடித்த காளை என்று வையுங்கள். தோல், தலை, குடல் போய்த் தொங்குவது ஏறக்குறைய 800. எலும்பு கழித்தால் 500. நூற்றுக்கு இருபது கொழுப்புள்ள கொத்துக்கறி ஒரு பவுண்டு வெந்தால் முக்கால் பவுண்டுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். ஆளுக்கு 2 அவுன்ஸ் என்றால் ஆறு பேருக்கு ஒரு மயிரிழை குறையும். ஆக மொத்தம் 2,900 தட்டுக்கு மேல். 400 பிள்ளைகளுக்கு ஏழு வேளை. வாரம் ஒருநாள் போட்டால் ஏழு வாரம்.

கே: முழுவதையுமா அரைப்பீர்கள்? ரிப்ஐ, டெண்டர்லாயின் மாதிரி மிருதுவான, விலை கூடிய துண்டுகளையுமா?

ப: ஆமாம்.

கே: (வேறொருவர்) பாவம் ஐயா! அதைத் தனியே எடுத்து ஏலம் விட்டால் வெட்டுக்கூலி வந்துவிடுமே.

ப: பிள்ளைகளுக்கென்று கொடுத்த மாட்டின் நல்ல துண்டு ஏலத்துக்குப் போனால், கொடுத்தவர் முகத்தில் எப்படி விழிப்பது? தவிர, 400 பேருக்கு டெண்டர்லாயின் பங்கு வைக்க ஒரு மாடு போதாது.

கே: (ரிப்ஐ கேட்டவர்) வறுத்துத் தரலாமே, தோள் பக்கத்துச் சக் பகுதியையாவது!

ப: சக் சரி, ஒருநாள் செய்து பார்த்தோம். மெதுவாக வெந்து நார் நாராகப் பிரிந்தது, பிள்ளைகள் மறுபடி கேட்டார்கள். ரிப்ஐ பற்றி இனி யாரும் எழுத வேண்டாம்.

கே: நடுவில் கொஞ்சம் இளஞ்சிவப்பாக இருந்தால்தானே ருசி?

ப: முழுத் துண்டாக வாட்டும் ஸ்டீக்குக்கு. கிருமி துண்டின் மேற்பரப்பில் இருக்கும்; அரைக்கும்போது உள்ளே கலந்துவிடும். 1992 கடைசியிலும் 1993-லும் ஒரு பர்கர் கடைத் தொடரின் சரியாக வேகாத இறைச்சியால் நான்கு குழந்தைகள் இறந்தார்கள். மறு வருஷமே கொத்துக்கறியில் ஈ.கோலி O157 என்ற கிருமி இருந்தால் அது கலப்படம் என்று அரசு அறிவித்தது. எங்களிடம் 155 டிகிரி ஃபாரன்ஹீட், 17 வினாடி. வீட்டில் 160. நிறத்தைப் பார்க்காதீர்கள், வெப்பமானியைக் குத்துங்கள்.

கே: என் மகள் மாட்டுக்கறி தொடமாட்டாள். கட்டாயமா?

ப: இல்லை. ‘எடுத்துக்கொள்ளலாம்’ முறை உள்ள பள்ளியில் இறைச்சி, தானியம், பழம், காய், பால் என்ற ஐந்து வகையில் மூன்று எடுத்தால் போதும், அதில் ஒன்று பழமோ காயோ. இதே கேள்வி நான்காவது முறை. மாற்று உணவு உண்டா என்று உங்கள் பள்ளியில் கேளுங்கள்.

கே: நாங்களே வீட்டில் வெட்டி...

ப: முதல் பதில்.

கே: பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியுமா?

ப: போன மாதம் டாக்கோ நாள், மடித்த ரொட்டிக்குள் கொத்துக்கறி. மாடு கொடுத்தவரின் பையன், மூன்றாம் வகுப்பு. தட்டை நீட்டிக்கொண்டே பின்னால் நின்றவனிடம் சொன்னான்: “இது எங்க 47-ஆம் நம்பர் மாடு. வேலியைத் தாண்டிட்டே இருக்கும்.” பின்னால் நின்றவன் இன்னொரு கரண்டி கேட்டான்.

கே: ரிப்ஐ பற்றிக் கடைசியாக ஒன்று...

ப: சமையலறையைப் பூட்டிவிட்டேன்.