பழைய மேசி 135 டிராக்டரின் சிலிண்டர் ஹெட் வெடித்துவிட்டது. ஒட்டுவதா, மாற்றுவதா, டிராக்டரையே விற்பதா?

விற்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதுக்கு வருகிறேன்.

ரேடியேட்டரில் குமிழி அடிக்கிறது, தண்ணீர் குறைகிறது, கராஜில் ஹெட் (எஞ்சினின் மேல்மூடி) வெடித்து விரிசல் விட்டுவிட்டது என்கிறார்கள், வீட்டில் எல்லோரும் இரும்புக்குப் போடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையதும் அப்பா காலத்து மெசினாகத்தான் இருக்கும். விதைப்பும் கிட்டியிருக்கும். மாதக்கணக்கில் கொட்டிலில் நின்றதை இறக்கி இரவு பகலாகச் சேற்றில் உழும்போதுதான் ஹெட் போகும். அந்த நேரம் பார்த்து ஆளுக்கொரு புத்தி சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள்.

எங்களுக்குத் திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் வயல். அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்ததிலிருந்து வயல் கணக்கும் மெசின் கணக்கும் என் கையில்; ஓட்டுவது தம்பி. 2022 பெரும்போகத்துக்கு (மழைக்கால நெல் விதைப்புக்கு) உழவு தொடங்கின நேரம் எங்கள் 135 நின்றது. அந்த வருடத்தைப் பற்றி இலங்கையில் இருக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததில் முந்திய பெரும்போகமே படுத்துவிட்டது. 200 ரூபாயில் நின்ற டொலர் 360க்குப் போயிருந்தது. டீசலும் கியூஆர் கோட்டுக்கு அளந்து தந்ததுதான். "பிள்ளை, இந்தப் பழசைக் கட்டி அழாமல் குடுத்துப்போட்டு லீசிங்கில ஒரு புதுசை எடு" என்றார் மாமா. புது மெசினின் தவணை நெல் விளைந்தாலும் வரும், விளையாவிட்டாலும் வரும். அதைக் கட்ட முடியாமல் மெசினைப் பறிகொடுத்த வீடுகள் எங்கள் ஊரிலேயே இருக்கின்றன. அப்பாவுக்குப் பேச்சு சரியாக வராது. "அது ஓடும்" என்று மட்டும் சொன்னார். எங்களைப் படிக்க வைத்தது அந்த மெசின்.

நான் மெக்கானிக் இல்லை. "பொம்பிளைப் பிள்ளைக்கு எஞ்சினைப் பற்றி என்ன தெரியும்" என்று கேட்க வருகிறவர்கள் தாராளமாகக் கேட்கலாம். கிட்ட நின்று பார்த்ததையும் வேலை செய்தவர் சொன்னதையும்தான் எழுதுகிறேன். 135இல் இருப்பது மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின், ஏடி 3.152 என்பார்கள். வேறு எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குமிழி வந்தவுடன் ஹெட் என்று முடிவு கட்ட முடியாது. ஹெட்டுக்கு அடியில் வைக்கிற காஸ்கட் தகடு எரிந்திருந்தாலும் அதே குமிழிதான், அதே வெள்ளைப் புகைதான். பிளாக் (சிலிண்டர்கள் இருக்கிற எஞ்சின் உடல்) வெடித்திருந்தாலும் ஒயில் பால் மாதிரி ஆகும். லைனர் (சிலிண்டருக்குள் போட்டிருக்கும் உறை) அடியில் ரப்பர் வளையம் போய்விட்டது, எஞ்சினையே பிரிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் இரண்டாவது ஆளிடம் கேளுங்கள். இந்த எஞ்சினில் லைனர் தண்ணீரைத் தொடாத வகை. அந்த வளையமே இதில் இல்லை.

எங்கள் விஷயத்தில் நடந்தது இதுதான். மாமா தனக்குத் தெரிந்த ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார். அவர்கள் ஹெட்டைக் கழற்றி, வால்வுகளுக்கு நடுவே வெடிப்பைக் கண்டு, சாதாரண வெல்டிங் கம்பியால் ஒட்டி, கிரைண்டரால் தேய்த்து மினுக்கிப் பூட்டித் தந்தார்கள். காசையும் முழுதாக வாங்கிக்கொண்டார்கள். வயலில் இறக்கிக் கொஞ்ச நாளிலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகத் தொடங்கிவிட்டது. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிச் சில நிமிடத்தில் ஹோஸ் அப்படி இறுகினால் அது சூட்டால் வந்த இறுக்கம் இல்லை. சிலிண்டரின் காற்று தண்ணீருக்குள் தள்ளுகிறது என்று அர்த்தம்.

பிறகு கிண்ணியாவில் லேத் வைத்திருக்கும் ஒரு நானாவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) கொண்டுபோனோம். அவர் ஹெட்டைக் கையால்கூடத் தொடவில்லை, குனிந்து பார்த்துவிட்டு, "ஆர் தங்கச்சி இதுக்குப் பத்த வெச்சது?" என்று கேட்டார். அப்புறம் எனக்குக் காட்டுவதற்காகவே ஒரு வேலை செய்தார். ஹெட்டின் முகத்தை நன்றாகத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் ஊற விட்டார். துணியால் ஈரமே இல்லாமல் ஒற்றி எடுத்துவிட்டு, வெண்கட்டியை நொறுக்கி அந்தத் தூளைத் தூவினார். சற்றுப் பொறுத்துப் பார்த்தால் வெள்ளைத் தூளில் மயிர் போல ஒரு கறுப்புக் கோடு எழுந்து வருகிறது. வெடிப்புக்குள் போன மண்ணெண்ணெய் திரும்பி வெளியே கசிகிறது. ஒட்டின இடத்தின் இரண்டு ஓரத்திலும் கோடு. ஒட்டு அப்படியே இருந்தது, அதற்குப் பக்கத்து இரும்புதான் புதிதாக வெடித்திருந்தது. பழைய வெடிப்பு ஒன்று, ஒட்டியதால் வந்தது இரண்டு.

ஹெட் வார்ப்பிரும்பு. அதில் கரி கூட, நூற்றுக்கு இரண்டு முதல் நாலு வரை. சாதாரணக் கம்பியால் ஒட்டினால் ஒட்டுகிற இடம் உருகி, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டைச் சட்டென்று உறிஞ்சி, ஓரம் கண்ணாடி மாதிரி இறுகி நொறுங்கும் இரும்பாகிவிடும். ஒட்டத்தான் வேண்டும் என்றால் ஹெட் முழுவதையும் ஒரு சீராக 600 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி ஒட்டி, சாம்பலிலோ சுண்ணாம்பிலோ புதைத்து மெல்ல ஆற விட வேண்டும். இல்லாவிட்டால் நிக்கல் கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாக, கைவிரல் வைத்தால் தாங்குகிற சூட்டுக்கு ஆறவிட்டு ஆறவிட்டு, ஒவ்வொரு ஒட்டையும் சுத்தியலால் தட்டிக்கொடுத்துச் செய்ய வேண்டும். பிறகு வால்வு சீட்டை (வால்வு வந்து உட்காரும் விளிம்பை)க் குடைந்து வளையம் போட்டு, முகத்தையும் சீவ வேண்டும். சீவுவதிலும் எல்லை உண்டு. டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இடம் மிகக் குறைவு. சீவச் சீவ வால்வும் இன்ஜெக்டர் மூக்கும் பிஸ்டனைக் கிட்டும். பக்கச் சுவரில், தண்ணீர் அறையின் வெளிப்புறத்தில் வெடிப்பு என்றால் ஒட்டலாம் என்பேன். வால்வுகளுக்கு நடுவே என்றால், நெருப்பும் தண்ணீரும் சந்திக்கிற அந்த இடத்தில் ஒட்டுப் போட்டு ஒரு போகத்தை நம்பி இறங்க நான் சம்மதிக்க மாட்டேன். நல்ல கைகாரர்கள் அதையும் செய்து ஓட்டிக்காட்டியிருக்கலாம். அப்படி ஓட்டியவர்கள் கோபிக்க வேண்டாம், எங்களுக்குக் கிடைத்த கை அப்படி.

ஆகவே மாற்று ஹெட். இந்த எஞ்சினின் நல்ல காலம், இதே வகையை லாகூரில் மில்லட் நிறுவனம் மேசி 240க்குப் போடுகிறது, சென்னையில் சிம்சன் பெர்கின்ஸ் உரிமத்தில் செய்தது. இங்கிலாந்தின் கொவென்றியில் 135 செய்த தொழிற்சாலையே 2002இல் மூடப்பட்டுவிட்டாலும் சாமான் கிடைக்கும். ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் எல்லாம் ஒன்றல்ல. பிளாக்கில் குத்தியிருக்கும் எஞ்சின் நம்பரை எழுதிக்கொள்ளுங்கள், பழைய காஸ்கட்டைக் கையோடு கொண்டுபோய் ஹெட்டின்மேல் வைத்து ஒவ்வொரு தண்ணீர்த் துளையும் வருகிறதா என்று பாருங்கள்.

புதிதுக்கு அன்றைய விலையில் எங்களால் கிட்டப் போக முடியவில்லை. இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய்ப் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். நான் கேட்டால் பதில் தம்பிக்குச் சொல்வார்கள். அதை விடுங்கள். ஒரு கடையில் பழைய அசல் ஹெட் ஒன்று, முகம் அதிகம் சீவப்படாதது, கிடைத்தது. மண்ணெண்ணெயும் வெண்கட்டியும் என் கைப்பையிலேயே இருந்தன. "சோதித்துப் பார்த்துத்தான் காசு" என்றேன். முதல் இரண்டு கடைகளில் மறுத்தார்கள். மறுத்த கடையில் வாங்கவில்லை. இந்த ஹெட்டை வைத்திருந்தவர் மறுக்கவில்லை. புதிதின் விலையில் பாதிக்கும் குறைவாக முடிந்தது.

அந்தக் காசு சேர்ந்த விதத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. வீட்டில் விதைக்கும் சாப்பாட்டுக்கும் என்று வைத்த நெல்லில் ஒரு பங்கை விற்றுத்தான். நெல் வாங்க வருகிறவர் மூட்டைக்கு இவ்வளவு கிலோ கழிவு என்று எடுத்த எடுப்பிலேயே வெட்டுவார். ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கழிப்பது நியாயம். ஆனால் ஈரம் பார்க்கிற கருவி எங்கே? நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து "காயேல்ல" என்பார். மூன்று வெயில் காயவைத்த நெல். காய்ந்தாலும் கழிவு, காயாவிட்டாலும் கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு, தூசிக்கு ஒரு கழிவு. விவசாயி மட்டும் கடையில் ஒரு கிலோ உரத்துக்குக் காசு கொடுத்தால் ஒரு கிலோவுக்கும் சரியாகக் கொடுக்க வேண்டும். இதைக் கேட்க ஒரு ஆளில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் ஒரு ஹெட்டின் விலையை நாங்கள் எத்தனை மூட்டையில் எண்ணுகிறோம் என்பது சாமான் விற்கிறவர்களுக்கும் தெரியட்டும்.

சரி, ஹெட்டுக்கு வருவோம். சாக்கில் சுற்றிக் கொண்டுவந்ததை நானா மறுபடி சோதித்தார். தண்ணீர்த் துளைகளை எல்லாம் டயர் டியூப் வெட்டின ரப்பரும் இரும்புத் தகடும் வைத்து அடைத்து, ஒரு துளையால் காற்றடித்து, வெட்டின பீப்பாயில் சுடுதண்ணீருக்குள் இறக்கினார். சுடுதண்ணீர்தான் முக்கியம், குளிரில் மூடியிருக்கும் வெடிப்பு சூட்டில்தான் வாய் திறக்கும். ஒரு குமிழி வரவில்லை. எவ்வளவு அவசரம் என்றாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள், பெட்டியில் வந்த புது ஹெட்டாக இருந்தாலும்.

பூட்டலாம் என்று தம்பி நிற்க, நானா விடவில்லை. "ஹெட் சும்மா வெடிக்காது தங்கச்சி, அது ஏன் வெடிச்ச என்டு பாக்காமப் பூட்டினா இதுவும் வெடிக்கும்" என்றார். பிளாக்கின் பக்கத்தில் தண்ணீர் விடுகிற குழாயைத் திறந்தார். ஒரு சொட்டு வரவில்லை. கம்பியை வளைத்து உள்ளே விட்டுக் கிண்டினார். முதலில் துரு நிறத்தில் களி வந்தது, பிறகு முட்டை ஓடு மாதிரிச் சுண்ணாம்புச் செதில்கள். மூன்றாம் சிலிண்டரின் பின்பக்கம் முழுவதும் அடைத்துப் போயிருந்தது. எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் கொதித்தால் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. அதே தண்ணீரைத்தான் வருடக்கணக்கில் ரேடியேட்டருக்கும் ஊற்றி வந்திருக்கிறது மெசின் ஓட்டின ஒவ்வொரு கையும். தண்ணீர் ஓடாத பக்கத்தில் இரும்பு சிவக்கும், அதன்மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் வேறென்ன நடக்கும். ரேடியேட்டரின் வெளிப்பக்கமும் வைக்கோல் தூசியால் அடைபட்டிருந்தது. எல்லாவற்றையும் கழுவி, தேமோஸ்டாட்டும் (சூட்டைப் பார்த்துத் தண்ணீரைத் திறந்து மூடுகிற வால்வு) போட்டார். வெயில் நாட்டுக்கு அது தேவையில்லை என்று கழற்றி எறிகிறவர்கள் நிறைய. எஞ்சின் ஒரே சூட்டில் நிற்க அது வேண்டும் என்பது நானாவின் கட்சி, என் கட்சியும் அதுதான். இப்போது மழைத் தண்ணீரைப் பிடித்துக் கூலன்ட் கலந்துதான் ஊற்றுகிறோம்.

பூட்டும்போது: புதுக் காஸ்கட், இன்ஜெக்டருக்குப் புதுச் செப்பு வாசர். நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரேயடியாக இறுக்காமல் மூன்று தடவையாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். கையளவு போதும் என்பவரை எஞ்சினுக்குக் கிட்ட விடாதீர்கள். பழைய பால் ஒயிலை பில்டரோடு மாற்றாமல் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. எஞ்சினை நன்றாகச் சூடாக்கிய பிறகு நட்டுகளை அதே ஒழுங்கில் மீண்டும் இறுக்கி, டப்பெட்டை (வால்வுக்கு மேல் விடுகிற இடைவெளியை) ஆறின எஞ்சினில் 0.30 மில்லிமீட்டருக்கு வைத்தோம். கொஞ்ச நாள் உழுத பிறகு இன்னொரு தடவை பார்க்க வேண்டும். இந்த மறு இறுக்கலைத்தான் எல்லோரும் விடுகிறார்கள்.

அந்தப் போகம் எங்கள் வயலையும் பக்கத்து வயல்களையும் அந்த மெசின்தான் உழுதது. இன்னும் உழுகிறது.

உங்கள் எஞ்சின் நம்பரையும், துடைத்த ஹெட்டின் முகத்தைக் கிட்டப் பிடித்த படத்தையும் கீழே போடுங்கள். வெடிப்பு எந்த இடத்தில் என்று தெரிந்தால் நானாவிடம் காட்டிக் கேட்டு எழுதுகிறேன். அதுவரை யாரையும் அதில் வெல்டிங் வைக்க விடாதீர்கள்.