காவலாளியின் உரிமம், கேமராவின் பாஸ்வேர்டு: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காவலாளி, கேமரா, பூட்டு, தொலைபேசி மோசடி ஆகியவற்றைப் பற்றியவை. ஆகவே மிக்சியையும் மெத்தையையும் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த முறை வரை பொறுத்திருக்க வேண்டுகிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கி, எழுதியவரின் ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 48 வீடுகள் உள்ளன. பகல், இரவு என இரண்டு காவலாளிகளுக்கு ஒரு ஏஜென்சி தலைக்கு 11,000 ரூபாய் கேட்கிறது. இன்னொன்று 19,500 ரூபாய் கேட்கிறது. கூட்டத்தில் பெரும்பாலோர் குறைந்த தொகைக்கே கை தூக்கினார்கள். யார் வந்தாலும் வாசலில் உட்காரப் போகிறவர்கள்தானே? (சங்கச் செயலாளர், ஓசூர்)

பதில்: கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நாளொன்றுக்கு 12 மணி நேரம் வீதம் 30 நாளைக்கு 360 மணி நேரம். 11,000 ரூபாயை அதால் வகுத்தால் மணிக்கு முப்பது ரூபாய் ஐம்பத்தாறு காசு வருகிறது. ஏஜென்சியின் பங்கு, சீருடை, மேற்பார்வையாளரின் பெட்ரோல் எல்லாம் இதற்குள்ளேயே அடங்க வேண்டும் என்றால், வருங்கால வைப்பு நிதிக்கும் இ.எஸ்.ஐ.க்கும் இடமே இல்லை என்பதும், அந்த மனிதர் பகலில் வேறொரு கம்பெனி வாசலில் நின்றுவிட்டுத்தான் இரவில் உங்கள் வாசலுக்கு வருகிறார் என்பதும் சொல்லாமலே விளங்கும். அவர் பின்னிரவில் நாற்காலியில் தூங்குவதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடப் போகிறவர்களும் இன்று கை தூக்கியவர்கள்தான்.

இது என் பழைய ஆதங்கம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு கேஸ் அடுப்பு வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடும் நாம், நம் குழந்தைகள் விளையாடும் வாசலில் ஓர் ஆளை நிறுத்தும்போது ஒரு காகிதத்தையும் கேட்பதில்லை. கேட்பதற்கு ஒரு சட்டமே இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் காவலாளிகளை அனுப்பும் தொழிலை எவரும் நடத்தக் கூடாது. நடத்தினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமம் ஐந்தாண்டுக்குத்தான் செல்லும். ஒரு மாவட்டத்துக்கு, ஐந்து மாவட்டங்கள் வரைக்கு, மாநிலம் முழுமைக்கு எனத் தனித்தனிக் கட்டணத்தில் அது வழங்கப்படுகிறது. ஓசூர்க்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: பெங்களூரு ஏஜென்சி காட்டும் கர்நாடக உரிமம் எல்லை ஊரான அத்திப்பள்ளியோடு முடிந்துவிடுகிறது, எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டு உரிமம்தான் வேண்டும். உரிமத்தில் உள்ள பெயரும் உங்களுக்குத் தரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒருவர் உரிமத்தைக் காட்டி மற்றொருவர் ஆள் அனுப்பும் வழக்கம் நான் கண்ணால் கண்டது.

காவலாளிக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும், குறைந்தது 20 வேலை நாட்களில் தரப்பட்டிருக்க வேண்டும். முன்னாள் படைவீரருக்கும் முன்னாள் காவலருக்கும் மட்டும் இது குறைவு. வயது 18க்கும் 65க்கும் இடையே இருக்க வேண்டும், முன்னடத்தை சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும், கழுத்தில் புகைப்பட அடையாள அட்டை தொங்க வேண்டும். குறைந்தபட்சக் கூலி, வைப்பு நிதி போன்ற தொழிலாளர் சட்டங்களை மீறினால் அந்த ஏஜென்சியின் உரிமத்தையே ரத்து செய்யலாம் என்றும் அச்சட்டம் கூறுகிறது. மலிவான ஏஜென்சி என்று நீங்கள் மகிழ்வது பெரும்பாலும் இந்த மீறலைத்தான்.

உங்கள் ஊரில் ஒரு குடியிருப்புக்கு உறவினரைப் பார்க்கப் போயிருந்தபோது வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். கைபேசி எண் எழுதும் கட்டத்தில் பல எண்கள் ஒன்பது இலக்கத்தோடு நின்றிருந்தன, வெளியேறிய நேரம் என்ற கட்டத்தில் மூன்று பக்கத்துக்கு ஒரே கையெழுத்தில், ஒரே மையில், ஒரே நேரம் எழுதப்பட்டிருந்தது. அந்தக் காவலாளியை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை, அந்தப் பதிவேட்டை மாதம் ஒருமுறை திறந்து பார்த்த செயலாளரும் இல்லை. 19,500 கேட்பவரும் இந்தக் காகிதங்களைக் காட்டாவிட்டால் அவரையும் அனுப்பிவிடுங்கள்; விலை கூடியதாலேயே ஒருவர் யோக்கியர் ஆகிவிடுவதில்லை.

கேள்வி: இணையத்தில் ஒரு ராணுவ வீரர், பணியிட மாற்றம் காரணமாகத் தன் ஸ்கூட்டரை 18,000 ரூபாய்க்கு விற்கிறார். அடையாள அட்டையும் அனுப்பினார். 'கேட் பாஸ்' கட்டணம் 2,100 ரூபாய் முதலில் கட்டச் சொல்கிறார். கட்டலாமா? (பாப்பாரப்பட்டி)

பதில்: கட்டாதீர்கள். அந்த ஸ்கூட்டரும் இல்லை, அந்த வீரரும் இல்லை.

கேள்வி: தக்காளி மண்டியில் எட்டு கேமரா போட்டேன். இரவில் எடையில் ஏமாற்றியவர் முகம் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. போட்டுக் கொடுத்தவர் போனை எடுப்பதில்லை, பாஸ்வேர்டும் அவரிடமே இருக்கிறது. (பாலக்கோடு)

பதில்: பாஸ்வேர்டு அவரிடம் இருக்கிறது என்றால் மண்டியை இந்த நிமிடம் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. முதல் வேலையாக வேறொரு தொழில்நுட்பரை வைத்து ரெக்கார்டரை ரீசெட் செய்து, புதிய பாஸ்வேர்டை நீங்களே வையுங்கள். ரீசெட் செய்தால் சில கருவிகளில் பழைய பதிவுகளுக்கு ஆபத்து நேரலாம் என்பதால், தேவையான காட்சியை முன்கூட்டியே பிரதி எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். முகம் வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம், கேமராவின் அகச்சிவப்பு ஒளி மிக அருகில் உள்ள முகத்திலோ சுவரிலோ பட்டுத் திரும்புவதாக இருக்கலாம். எடைத் தட்டின் மேல் ஒரு சாதாரண எல்.இ.டி. விளக்கை இரவு முழுதும் எரியவிட்டு, கேமராவைச் சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் மாற்றிப் பொருத்திப் பாருங்கள். மெகாபிக்சலுக்குப் பணம் கொடுப்பதை விட வெளிச்சத்துக்குக் கொடுப்பது பயன் தரும்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு நஷ்டத்தில் வந்தது. நான்கு கேமராவும் ரெக்கார்டரும் சேர்த்து 'ஆஃபர்' விலையில் வாங்கி வீட்டில் மாட்டினேன். மோட்டார் அறையிலிருந்து காப்பர் வயர் திருடு போன அன்று காட்சியைத் தேடினால், பதிவு ஐந்து மாதத்துக்கு முன்பே நின்றிருந்தது. உள்ளே இருந்தது கண்காணிப்புக்கென்று செய்யப்பட்ட ஹார்ட் டிஸ்க் அல்ல, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஒன்று. திரையில் நேரலை அழகாக ஓடிக்கொண்டிருந்ததால் நான் பழைய பதிவை ஒருநாளும் ஓட்டிப் பார்க்கவில்லை. வாரம் ஒருமுறை, பத்து நாளுக்கு முந்தைய ஓர் இரவைத் திறந்து பாருங்கள்.

கேமரா திருட்டைத் தடுக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2021 ஜனவரி 22 அன்று ஓசூர் பாகலூர் சாலையில் ஒரு நகைக்கடன் நிறுவனத்துக்குள் பட்டப்பகலில் துப்பாக்கியோடு நுழைந்த கும்பலைக் கேமரா தடுக்கவில்லை. மறுநாளே அவர்கள் ஐதராபாத் அருகே பிடிபட்டதற்கு, நகைப் பைக்குள் வைத்திருந்த ஜி.பி.எஸ். கருவி பெரிதும் உதவியது.

கேள்வி: ரீஃபண்டு அனுப்புகிறோம், யு.பி.ஐ. பின்னைப் போடுங்கள் என்றார்கள். போட்டேன், 4,000 ரூபாய் போய்விட்டது. இந்த ஆண்டில் இது மூன்றாவது முறை. எந்தச் செயலி பாதுகாப்பானது? (கிருஷ்ணகிரி)

பதில்: பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் எண் தேவையில்லை, அந்த எண்ணைப் போட்டால் பணம் வெளியே போகும். இதை முதல் முறை அறியாமல் இருந்தது உங்கள் பிழையன்று. மூன்றாம் முறைக்குச் செயலி என்ன செய்யும்? சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்துப் புகார் பதியுங்கள், பிறகு கொஞ்ச நாளைக்குச் சில்லறையில் வாழ்ந்து பாருங்கள்.

கேள்வி: மும்பை போலீஸ் என்று வீடியோ அழைப்பில் வந்தார்கள். என் ஆதாரில் போதைப் பார்சல் வந்ததாகவும், நான் 'டிஜிட்டல் அரெஸ்ட்'டில் இருப்பதாகவும் சொல்லி, இரண்டு நாள் கேமரா முன்னாலேயே உட்கார வைத்தார்கள். ஓய்வூதியப் பணம் 4,80,000 ரூபாயை அனுப்பிவிட்டேன். நான்கு நாள் ஆகிறது. பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லவில்லை. (ஓய்வுபெற்ற ஆசிரியை, ஊத்தங்கரை)

பதில்: அம்மா, முதலில் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நீங்கள் செய்தது வெட்கப்பட வேண்டிய செயல் அல்ல. இரண்டு நாள் தூங்கவிடாமல் மிரட்டினால் யாரும் பணிவார்கள். ஹரியானாவில் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதியை உச்ச நீதிமன்றத்தின் பெயரிலேயே போலி ஆணை காட்டி ஏமாற்றினார்கள்; அதன் பிறகு 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடியை வழக்காக எடுத்துக்கொண்டது. வீடியோ அழைப்பில் கைது செய்வதற்கு இந்நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை.

நான்கு நாள் கடந்ததால் வாய்ப்பு குறைந்திருக்கிறதே தவிர, முடிந்துவிடவில்லை. இன்றே 1930க்கு அழைத்து, பரிவர்த்தனை எண்களைச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். அதே எண்ணோடு உங்கள் வங்கிக் கிளைக்கு எழுத்து மூலம் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை பெறுங்கள். பிறகு கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் பிள்ளையோடு நேரில் செல்லுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்குகளில் எஞ்சியிருப்பது முடக்கப்பட்டால், நீதிமன்ற ஆணை மூலம் அதைத் திரும்பப் பெற வழி உண்டு. வங்கி ஈடு கட்டும் என்று நம்பிக்கை தர எனக்கு மனமில்லை, ஏனெனில் ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் அனுமதியின்றி நடந்த பரிவர்த்தனைக்குத்தான் பாதுகாப்பு தந்தது; மிரட்டலுக்கு அஞ்சி நீங்களே அனுப்பியதை அதில் சேர்ப்பது கடினம். இன்னொன்று: இனிவரும் வாரங்களில் 'பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்று வக்கீல் போலவும் அதிகாரி போலவும் பேசுவார்கள். அவர்களும் மோசடிக்காரர்களே. எடுக்காதீர்கள்.

கேள்வி: விமான நிலையத்தில் செக்யூரிட்டி வேலை என்று பயிற்சிக்கும் சீருடைக்கும் 28,000 ரூபாய் வாங்கினார்கள். ஒரே மதியத்தில் சான்றிதழ் கொடுத்தார்கள். வேலை வரவில்லை, அலுவலகமும் பூட்டிக் கிடக்கிறது. (பென்னாகரம்)

பதில்: தம்பி, 160 மணி நேரப் பயிற்சியை ஒரே மதியத்தில் எவராலும் தர முடியாது. அந்தச் சான்றிதழே உங்கள் தரப்புக்குச் சாட்சி, கிழித்துவிடாதீர்கள். பணம் அனுப்பிய ரசீது, அவர்கள் அனுப்பிய செய்திகள், பூட்டிய அலுவலகத்தின் புகைப்படம் ஆகியவற்றோடு காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு இதற்குரியது. தனியாக, தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு செய்யலாம். அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, காலவரம்பு இரண்டு ஆண்டு. உங்களோடு ஏமாந்த மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள். ஒருவராகப் போனால் 'பேசித் தீர்த்துக்கொள்' என்று திருப்பி அனுப்பும் இடத்தில், பன்னிரண்டு பேராகப் போனால் உட்கார வைத்து எழுதுவார்கள்.

கேள்வி: எங்கள் மாங்கூழ் தொழிற்சாலையில் ஏஜென்சிக் காவலாளியே டீசலைத் திருடினார். ஏஜென்சி பொறுப்பேற்க மறுக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? (காவேரிப்பட்டணம்)

பதில்: வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவைக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது, உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. ஒப்பந்தத்தில் இழப்பீட்டுப் பிரிவு இருக்கிறதா? ஒப்பந்தமே இருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததால் கேட்கிறேன்.

கேள்வி: பர்கூரில் ஜவுளி எடுக்கப் போனோம். காக்கிச் சீருடை அணிந்த கடைக் காவலாளி என் மனைவியின் பையைப் பிடுங்கிச் சோதித்து, அரை மணி நேரம் உட்கார வைத்தார். பில் சரியாகவே இருந்தது. (தருமபுரி)

பதில்: அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. தன் கண் முன்னே பிணையில் விட முடியாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்தால் எந்தக் குடிமகனும் ஒருவரைப் பிடித்து, தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்கலாம். காவலாளிக்கு அதற்கு மேல் சிறப்புரிமை எதுவும் கிடையாது. காவல்துறைச் சீருடையை ஒத்த உடையைத் தனியார் காவலாளி அணிவதும் தண்டனைக்குரியது. கடை உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதி, அந்த அரை மணி நேரக் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் மன்னிப்பு கேட்பதானால், அது உங்களிடம் அல்ல, உங்கள் மனைவியிடம் கேட்கப்பட வேண்டியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: நகைக்கு வங்கி லாக்கர் போதுமா? (காரிமங்கலம்)

பதில்: வீட்டு பீரோவை விட நல்லது. ஆனால் தீ, திருட்டு, ஊழியர் மோசடி ஆகியவற்றில் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கோடு நின்றுவிடும்: வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். இன்றைய தங்க விலையில் அது எத்தனை பவுன் என்று பார்த்துவிட்டு, தனியாகக் காப்பீடு எடுங்கள்.

கேள்வி: கைரேகைப் பூட்டு வாங்கலாமா? (அரூர்)

பதில்: நான் 7,500 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். என் விரலைச் சட்டென்று ஏற்றது. நாற்பது ஆண்டு பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த என் அம்மாவின் விரலை ஏழு முறை வைத்தும் ஏற்கவில்லை. ஒரு மழை இரவில் பேட்டரி தீர்ந்து குடும்பமே திண்ணையில் நின்றது. வாங்குவதானால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் வசதியும் சாதாரணச் சாவித் துளையும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். எங்கள் பூட்டில் சாவித் துளை இருந்தது. சாவி மட்டும், பூட்டு வந்த அட்டைப் பெட்டியிலேயே, உள்ளே பீரோவின் மேல் இருந்தது.