அதிபரின் பக்தியும் காலைப் பிரார்த்தனையும்

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் சைவப் பிள்ளைகளும் கத்தோலிக்கப் பிள்ளைகளும் படிக்கும் பாடசாலை ஒன்றின் அதிபர் நான். தெய்வ நம்பிக்கை அதிகம். பிள்ளைகள் திருந்தட்டும் என்று காலைப் பிரார்த்தனையை 40 நிமிடமாக்கி, தேவாரமும் நற்சிந்தனையும் நானே சொல்கிறேன். கத்தோலிக்க ஆசிரியைகள் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. ஆன்மிகம் தலைமைத்துவத்துக்கு உதவாதா?

பதில்: உதவும், ஐயா. ஆனால் 40 நிமிடம் என்பது முழுசாக ஒரு பாடவேளை. முதலாம் பாடம் கணிதமென்றால் கிழமைக்கு எத்தனை போகிறது என்று நேரசூசியைப் பாருங்கள். வெறும் வயிற்றோடு சைக்கிள் மிதித்து வரும் பிள்ளை வெயிலில் நின்று மயங்கும். விழுந்த பிள்ளைக்குத் தேவாரம் ஞாபகம் இராது.

12 நிமிடம் போதும்: தேவாரத்துக்கும் செபத்துக்கும் 4, மௌனம் 1, நற்சிந்தனை 3, அறிவித்தல் 4. நற்சிந்தனையை வகுப்பு முறைக்குப் பிள்ளைகள் சொல்லட்டும்; நீங்கள் கிழமையில் ஒரு நாள். அதிபர் தினமும் சொன்னால் பிள்ளைகள் காதில் அது ஏச்சாகத்தான் விழும்.

ஆசிரியைகளைக் கூட்டத்தில் கேட்காதீர்கள்; தனியே கூப்பிட்டு, எது ஒவ்வவில்லை என்று கேளுங்கள். மத சுதந்திரம் அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. சரஸ்வதி பூசைக்குக் காட்டும் அக்கறை நத்தார் ஒளிவிழாவுக்கும் வேண்டும். வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு லீவு தாராளம், ஜூலை 2 மடு மாதா திருவிழாவுக்கு மட்டும் கடிதம் கேட்பது என்றால், ஆசிரியர் ஓய்வறை அதை மறக்காது.

உங்கள் வழிபாட்டை வீட்டிலேயே முடித்துவிட்டு வாருங்கள். அதன் பலன் கந்தோர் மேசையில்தான் தெரிய வேண்டும். கோபத்தில் எழுதிய விளக்கம் கோரும் கடிதத்தில் அன்றே கையொப்பம் வைக்காதீர்கள். மறுநாள் வழிபாடு முடிந்து வந்து வாசியுங்கள். பாதி வரிகளை நீங்களே வெட்டுவீர்கள். மிச்சம் இருப்பதுதான் நிர்வாகம்.

பக்தியுள்ள அதிபர்கள் சறுக்கும் இடம் வேறு. 2009 யுத்தத்தில் மகனைத் தொலைத்த அம்மம்மா ஒருவர் பேரப்பிள்ளைக்காக வந்து அழுதால், "எல்லாம் விதி" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். கதிரை போட்டு இருத்தி, அவர் கதைத்து முடியும்வரை கேளுங்கள். பிறகு பஸ் சீசன், கொப்பி, சப்பாத்து என்று உங்களால் முடிந்ததைச் சொல்லுங்கள். பிள்ளையின் உடம்பில் அடிகாயம் கண்டால் "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று விடவே கூடாது. திகதி, நேரம் போட்டு எழுதி வைத்து, அன்றைக்கே சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அழையுங்கள். நேர்த்திக்கடனைப் பிறகு வைக்கலாம்.