அலேர் பூங்காவுக்கு ஆளுக்கு 30 டாலரா?

கேள்வி: நியூஜெர்சி எடிசனில் வசிக்கிறேன். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அலேர் ஸ்டேட் பார்க்கில் உள்ள பழைய இரும்பாலைக் கிராமத்தைக் காட்டலாம் என்று தேடினால், ஓர் இணையதளம் நுழைவுச்சீட்டுக்கு ஆளுக்கு 30 டாலர் கேட்கிறது. என்னிடம் தேசியப் பூங்காக்களுக்கான வருடாந்திர பாஸ் இருக்கிறது. அது செல்லுமா? பெரியவர்களுக்குச் சலுகை உண்டா?

பதில்: இன்னும் பணம் கட்டவில்லையே? அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

பூங்காவுக்குள் போக வண்டிக்குத்தான் கட்டணம், தலைக்கு இல்லை. அதுவும் மே கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரையான வார இறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும்தான். நியூஜெர்சி நம்பர் பிளேட் என்றால் கொஞ்சம் குறைவு. உங்கள் பாஸ் மத்திய அரசுடையது, பூங்கா மாநில அரசுடையது. ரயில் பாஸைக் காட்டி டவுன் பஸ்ஸில் ஏற முடியுமா?

இந்த இடைத்தரகர் தளங்களைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் போதாது. பச்சை எழுத்து, மரம் போட்ட முத்திரை, ‘வரிசையில் நிற்க வேண்டாம்’ என்று ஒரு வரி. அலேரில் ஏது வரிசை? அரசுக்குக் கட்டுவதானால் இணைய முகவரி ‘.gov’ என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு கார்டு எண்ணைத் தட்டுங்கள்.

பெரியவர்கள் விஷயம். 62 வயதான நியூஜெர்சிவாசிகளுக்கு மாநிலம் ஆயுள் பாஸை இலவசமாகவே தருகிறது. ‘வாசி’ என்பதுதான் இங்கே முக்கியம். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பாவுக்கு 70 வயதானாலும் கிடைக்காது. பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி இருக்கிறதே என்று வாதாடாதீர்கள். அவர்கள் கேட்பது வயதை மட்டுமல்ல, முகவரியையும். கிரீன் கார்டு வாங்கி உங்களோடே தங்கிவிட்டார், நியூஜெர்சி அடையாள அட்டையும் இருக்கிறது என்றால் கிடைக்கும். ஆறு மாதம் தங்கிப் போகிறவருக்குக் கிடையாது.

உள்ளே இன்னொரு குழப்பம். நிலம் மாநிலத்துடையது, கிராமத்தை நடத்துவது ஒரு லாபநோக்கற்ற அமைப்பு, பைன் கிரீக் குட்டி ரயிலை ஓட்டுவது வேறோர் அமைப்பு. ரயிலுக்குத் தனிச் சீட்டு, விசேஷ நாட்களில் கிராமத்துக்கும் தனிச் சீட்டு. மூன்றுக்கும் நேரத்தை மூன்று இடத்தில் தேட வேண்டும். ஒரே பக்கத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சனி, ஞாயிறில் போங்கள். வேலைநாளில் பல கட்டடங்கள் பூட்டியே கிடக்கும்.

சரி, அப்பாவுக்கு என்ன காட்டுவது? நீராவி எஞ்சின் செய்த ஜேம்ஸ் அலேர் 1822-இல் வாங்கிய இடம் இது. இரும்பைச் சுரங்கம் தோண்டி எடுக்கவில்லை. சதுப்பு நீரில் துருவாகப் படிந்த மண்ணை வாரி, மரக்கரியில் உருக்கினார்கள். பென்சில்வேனியாவில் நல்ல தாதுவும் நிலக்கரியும் மலிவாகக் கிடைக்கவும் இங்கே உலை அணைந்தது. அந்தச் செங்கல் உலை இன்னும் நிற்கிறது. பக்கத்தில் நாலு மாடிக் கம்பெனிக் கடை. கம்பெனி தானே நோட்டு அச்சடித்துக் கூலியாகக் கொடுத்தது, அந்த நோட்டு இந்தக் கடையில் செல்லும். எஸ்டேட் கடைக் கணக்கு பார்த்த தலைமுறைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பாதை பெரும்பாலும் மண்தான். அம்மாவுக்குச் செருப்பு வேண்டாம், ஷூ போட்டுவிடுங்கள். புல்லில் உட்கார வேண்டாம். வீடு திரும்பியதும் முழங்காலுக்குப் பின்னால், இடுப்பு மடிப்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.