போர்வைக்குள் கிட்டார் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மஞ்சக்குப்பத்தில் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து பாடல்களைப் பதிவு செய்கிறோம். எலெக்ட்ரிக் கிட்டாரை நேராக மிக்ஸரில் செருகி, அங்கிருந்து கணினிக்கு அனுப்புகிறேன். போர்வைக்குள் உட்கார்ந்து வாசித்ததுபோல் மங்கலாக இருக்கிறது. ஹை குமிழை முழுதாகத் திருப்பினேன், இரைச்சல்தான் கூடியது. கனம் வேண்டுமென்று லோ குமிழையும் ஏற்றினேன். தனியாகக் கேட்டால் பரவாயில்லை, பாட்டில் சேர்த்தால் காணாமல் போகிறது. இந்தக் குமிழ்கள் அடங்கிய ஈக்வலைசரை எந்த எண்ணில் வைப்பது?

ஆர்., கடலூர்

அன்புள்ள ஆர்.,

எண் இருக்கட்டும். கேபிளை மிக்ஸரின் எந்தத் துளையில் செருகியிருக்கிறீர்கள்? கீபோர்டு போன்றவற்றுக்கான லைன் துளை என்றால், உங்கள் கிட்டாரின் பளபளப்பு ஈக்வலைசருக்கு வருமுன்பே போய்விட்டது. கிட்டார் கம்பிகளின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் என்பது காந்தத்தின் மேல் ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய மயிரிழைக் கம்பி. எதிரே 10 லட்சம் ஓம் அளவுக்குத் தடை இருந்தால்தான் அது தன் குரலில் பேசும். கிட்டார் ஆம்ப்களில் அது இருக்கிறது. லைன் உள்ளீட்டில் பெரும்பாலும் 10,000, 20,000 ஓம்தான். அந்தச் சுமையில் முதலில் அடிபடுவது உயர் ஒலிகள். இல்லாததை ஹை குமிழ் எங்கிருந்து கொண்டுவரும்? சிறிய மிக்ஸர்கள் பலவற்றில் அது 12,000 ஹெர்ட்ஸை ஒட்டி வேலை செய்கிறது. அங்கே கிட்டாருக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நானும் ஒரு காலத்தில் இப்படித் திருப்பியவன்தான். பதிவைக் கேட்ட நண்பர், "தேவனாம்பட்டினம் கடற்கரையில் வாசித்தாயா?" என்றார்.

ஒரு டி.ஐ. பெட்டி வாங்குங்கள்; கிட்டாருக்கு அதிகத் தடை காட்டி, மைக் துளைக்கு ஏற்றபடி ஒலியை மாற்றித் தரும் சிறு பெட்டி அது. கிட்டார் அதற்குள், அதிலிருந்து மைக் கேபிள் மிக்ஸரின் மைக் துளைக்கு. உங்கள் மிக்ஸரில் அதே அதிகத் தடையைத் தரும் ஹை-இசட் பொத்தான் இருந்தால் அந்தச் செலவும் இல்லை. அதற்கும் முன்னால் கிட்டாரின் கம்பிகளைத் தடவிப் பாருங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் அவை துருப்பிடித்து விரலில் கறுப்பாக ஒட்டினால், எந்தப் பெட்டியும் உதவாது.

லோ குமிழை இறக்கிவிடுங்கள். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அதற்குக் கீழே மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலும், பேஸ் கிட்டாரும், கிக் டிரம்மும்தான். தாழ்ந்த ஒலிகளை வெட்டும் லோ கட் பொத்தான் இருந்தால் அழுத்துங்கள்.

வேலை இருப்பது நடுக் குமிழில். மற்றவர்களின் பதிவும் சேர்ந்து ஓடட்டும். நடுக் குமிழை நன்றாக ஏற்றி, பக்கத்திலிருக்கும் அலைவெண் குமிழை 200 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில், பெரும்பாலும் 400-க்குள், சளி பிடித்தவன் பானைக்குள் பேசுவதுபோல் கேட்கும். அங்கே நிறுத்தி, நடுக் குமிழை மையத்துக்கும் கீழே இரண்டு மூன்று டெசிபல் இறக்குங்கள். அதற்குமேல் வேண்டாம், பதிவின்போது வெட்டியதைப் பின்னால் சரிசெய்வது தொல்லை. கிட்டார் கொஞ்சம் முன்னால் வரவேண்டுமென்றால், 2,000, 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் துளி ஏற்றுவதைப் பிறகு கணினியில் செய்துகொள்ளலாம். அப்போது தனியாகக் கேட்டால் கிட்டார் ஒல்லியாகத் தெரியும். பயந்துபோய் லோ குமிழைத் தொடாதீர்கள்.

கம்பி மாற்றிவிட்டு அதே பாட்டை மறுபடி பதிவு செய்து அனுப்புங்கள். ஹை குமிழ் நடுவிலேயே நிற்கட்டும்.